நூற்று அறுபதாம் பக்கம்

அட்டைக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்ப்பது அபூர்வம். தெருவில் பின்னால் யாராவது விறுவிறுவென்று நடந்து வந்தால், ஓரமாக ஒதுங்கி, செருப்பில் கல் மாட்டியதுபோல் குனிந்து, அந்த ஆள் தாண்டிப் போன பிறகுதான் நிமிர்வார். வீட்டுக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் பயப்படாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவருக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும்.

அவர் வேலை பார்த்தது தேசத்தின் வரலாற்றுக்கென்றே நடந்த ஓர் ஆய்விதழில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். அதை வாங்குகிறவர்கள் நானூறு பேர், கடைசிவரை படிக்கிறவர்கள் நாலே பேர் என்று அலுவலகத்திலேயே கேலி பேசிக்கொள்வார்கள். அந்த நாலு பேரில் இவரும் ஒருவர். முதல் இதழ் தொடங்கி ஒரு வரி விடாமல் படித்தவர், எழுதியவர்களையும் சேர்த்துச் சொன்னாலும், இவர் ஒருவர்தான்.

இதழைத் தொடங்கியவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். நிறுவனர் என்று பிற்பாடு எல்லோரும் மரியாதையாகச் சொன்னார்கள். அப்போது அவரைக் கிறுக்கர் என்றுதான் சொன்னார்கள். ஓர் அச்சகத்தின் பின்னால் இரண்டு அறைகள். எந்திரம் ஓடினால் மேஜையில் இருக்கும் டம்ளர் தானாக நகரும். நாற்பத்தெட்டுப் பக்கம், பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதத்தில் அட்டை, முந்நூறு படிகள். கட்டுக் கட்டவும் தபால்தலை ஒட்டவும் ஓர் ஆள் வேண்டுமென்று, இருபத்தாறு வயதில் வேலையில்லாமல் திரிந்த நம்மவரை எடுத்துக்கொண்டார். இரண்டாவது இதழில் ஒரு மன்னர் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே செத்துப்போயிருந்தார். மூன்று பேராசிரியர்கள் கண்ணில் படாத அந்தத் தவறு, கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டது. அதைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்கப் பயந்துவிட்டு, சாயங்காலம் போய்ச் சொன்னார்.

"இத்தனை நாளா உன்னைப் போய் ஸ்டாம்பு ஒட்ட வெச்சிருக்கேனே" என்று நிறுவனர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மெய்ப்புப் பார்க்கும் வேலை.

இதழ் வளர்ந்தது. நாலாம் வருஷம் கல்லூரி நூலகங்கள் சந்தா கட்டின. ஆறாம் வருஷம் கட்டுரைக்குக் கட்டுரை அடிக்குறிப்பு வந்தது. ஆதாரம் இல்லாமல் ஒரு வாக்கியம்கூட இதழில் ஏறக்கூடாது என்று நிறுவனர் ஒற்றைக்காலில் நின்றார். பழைய நண்பர் ஒருவர் கட்டுரை கொடுத்தபோதுகூட, "இதெல்லாம் உனக்கு யாருப்பா சொன்னது? காட்டு" என்று திருப்பிக் கொடுத்து, அந்த நட்பையே இழந்தார். பதினோராம் வருஷம் அமைச்சகம் இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மூன்று மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, வழவழப்பான அட்டை, ஏழு பேர் கொண்ட ஆசிரியர் குழு. அந்த ஏழு பேரில் ஒருவர் அமைச்சகத்து ஆள். அவர் கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். மற்ற ஆறு பேரும் பேசுவதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள்.

எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். முக்கியமாக உப்பளம். இதழ் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னால் கடலோர உப்பளம் ஒன்றில் ஒரே நாளில் பலர் செத்துப்போனார்கள். காய்ச்சல் என்று அரசாங்கம் சொன்னது. சரி, காய்ச்சல்தான் என்று ஊரும் சொன்னது. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் மட்டும் வகுப்பில் வேறு மாதிரி ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாராம். மறுநாள் ஒரு வண்டி வந்தது. அவர் மனைவி நாலு வருஷம் அந்தக் கல்லூரி வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். பிறகு அவரும் வருவதில்லை. இதழிலே உப்பு வரி, உப்பளக் குத்தகை, உப்பு வண்டிப் பாதை என்று உப்பைப் பற்றி மட்டும் ஏழு கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்த நாளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பத்தொன்பதாம் வருஷம் நிறுவனர் காலமானார். பிள்ளைகுட்டி இல்லை, மனைவியும் முன்பே போய்விட்டார். புதிதாக வந்த ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் சுவருக்கும் காது உண்டு என்று நம்பி, தலைவலி மாத்திரை கேட்பதைக்கூடக் கிசுகிசுப்பாகக் கேட்பார். வெள்ளிவிழா நெருங்கியபோது, இருபத்தைந்து வருஷ இதழ்களுக்கும் சேர்த்து ஒரு பொருளடைவு போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எந்தப் பெயர், எந்த ஊர், எந்தப் பொருள் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் புத்தகம். அதைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு விஷயத்துக்கு ஓர் அட்டை என்று இரண்டு வருஷத்தில் பதினோராயிரம் அட்டை எழுதினார். அப்போது வந்ததுதான் அட்டைக்காரர் என்ற பெயர்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவி தையல் வேலை செய்பவள். தைக்கிற மேஜையிலேயே துணியை ஒதுக்கிவிட்டு அட்டைப் பெட்டிகளை வைப்பார்கள். அடுக்கி முடித்த அட்டைகளில் ஒன்று, இரண்டு என்று வரிசை எண் முத்திரை குத்துவது மனைவியின் வேலை. ஒன்றுகூடத் தொலைந்துவிடக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாடு அது. அச்சுப்படி வந்ததும் சரிபார்ப்பதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சொற்களை அச்சகத்திலேயே இரண்டு பேர் பார்த்துவிடுவார்கள். அடைவில் உயிரே எண்தான், எண் தப்பினால் எல்லாம் தப்பு. அதனால் வீட்டில் எண்களை மட்டும் பார்ப்பார்கள். மனைவி அட்டையைப் பார்த்து, "மூணு, நாப்பது. ஏழு, இருநூத்திப் பதினொண்ணு" என்று வாசித்துக்கொண்டே போவாள். இவர் அச்சுப்படியின் வலது ஓரத்தில் எண்களைப் பார்த்துப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போவார். சொற்கள் பக்கம் கண் போகாது. போனால் வேலை ஓடாது.

அடைவு வெளியானது. விழா நடந்தது, நாற்காலி போட்டு உட்காரவைத்து அவருக்கு ஒரு சால்வை போட்டார்கள். கூட்டம் கை தட்டியபோது பயந்து எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார். அடைவு அவர் முன்னால் திறந்து கிடந்தது.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். படிங்க. வாய்விட்டுப் படிக்காதீங்க."

அட்டைக்காரர் படித்தார். 'உப்பளங்கள், குத்தகை முறை' என்று ஒரு வரி. 'உப்பு வரி' என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில், அகரவரிசை கொஞ்சமும் பிசகாமல், இன்னொரு வரி: 'உப்பளத் துப்பாக்கிச் சூடு, தொகுதி 9, பக்கம் 160.'

அட்டைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். வரி அங்கேயேதான் இருந்தது.

அடைவு கையில் கிடைத்ததும் மனிதன் முதலில் என்ன செய்வான்? தன் பேர் இருக்கிறதா என்று பார்ப்பான். அமைச்சகத்து ஆளும் அதைத்தான் செய்திருக்கிறார். அவர் பெயர் உகரத்தில் தொடங்குவது. தன் பெயரைக் கண்டு சந்தோஷப்பட்டு விரல் கீழே இறங்கியபோது இந்த வரி தட்டுப்பட்டுவிட்டது.

"அந்தப் பக்கத்த எடுத்துப் பார்த்தீங்களா சார்?" என்றார் அட்டைக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பார்த்தேன். வெறும் காகிதம். நூத்தம்பத்தொம்பதோட கட்டுரை முடிஞ்சிருச்சு. பின்பக்கம் காலி. அதுதான்யா பிரச்சினையே. அச்சடிச்ச பக்கம் ஒண்ணு இருந்துச்சு, அத எடுத்துட்டுக் காலிப் பக்கத்த வெச்சுட்டோம்னு அவங்க நினைக்கறாங்க. ஒன்பதாம் தொகுதி எந்தெந்த நூலகத்துல இருக்கோ எல்லாத்தையும் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பார்த்துட்டிருக்காங்க. எங்கயோ ஒரு படியில எழுத்து இருக்கும்னு நம்பறாங்க."

பதினாறு பக்கமாக மடித்து அச்சடிக்கும்போது விஷயம் முன்னாலேயே தீர்ந்துவிட்டால் கடைசிப் பக்கம் காலியாகத்தான் போகும். அச்சுத் தொழில் தெரிந்தவனுக்கு இது சாதாரணம். ஆனால் ஒளித்து வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வெறும் தாளைக் காட்டினால், அது வெறும் தாள் என்று எப்படி நம்புவார்கள்?

ஆசிரியர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். "ஆயிரத்து முன்னூத்தி நாலாம் நம்பர். நேத்தே பெட்டிகளுக்கு சீல் வெச்சு, எண்ணி, லிஸ்ட் எடுத்துட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும் என் தலை போயிடும். வியாழக்கிழமை பத்து மணிக்கு நீங்க விசாரணைக்குப் போகணும். இது... உங்க கையெழுத்து மாதிரித் தெரியலையே?"

அட்டைக்காரர் அட்டையைப் பார்த்தார். அவருடைய எழுத்து ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கும். இது உருண்டை உருண்டையாக, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. 'கு'வின் வால் கோட்டுக்குக் கீழே சுருண்டிருக்கும் அந்தக் கை யாருடையது என்று வேறு எவரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் துணி அளவுகளைக் குறித்து வைக்கும் நோட்டில் தினமும் பார்க்கிற எழுத்து. சூடு என்ற சொல்லைக்கூட நிதானமாக, அழகாக எழுதியிருந்தாள். வரி கோணாமல் இருக்கப் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டு, எழுதிய பிறகு அழித்திருந்தாள்.

"என்னோடதுதான் சார்" என்றார்.

அவர் வாய்தான் சொன்னது. மூளைக்கு அப்புறம்தான் தெரிந்தது. "அந்தச் சமயம் வலது கை சுளுக்கிக்கிச்சு. இடது கையால எழுதினேன்."

ஆசிரியர் அவரையே பார்த்தார். அவர் நம்பினாரா இல்லையா என்பது தெரியவில்லை. நம்பினால் நமக்கு நல்லது என்று நினைத்தாரோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நின்றார். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, யாரோ ஒரு பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவளைக் கண்டும் பயந்து நடையைக் கட்டினார். கால் வீட்டுக்குப் போக மறுத்தது. மனைவியை அழைத்துப் போய்விடுவார்கள். இது ஒன்றுதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு வண்டி வரும், அவள் செருப்பு மாட்டிக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கமாட்டார்கள், பிறகு தான் போய் எந்த வாசலில் நிற்பது?

மனைவி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எந்திரச் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"பாத்துட்டாங்களா?" என்றாள்.

அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீதானா? ஏம்மா இப்படிப் பண்ணின? நெருப்ப மடியில கட்டிட்டு இத்தன நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டியே!"

"எங்க அண்ணன் அங்கதான் வேலை செஞ்சாரு."

"காய்ச்சல்ல போயிட்டாருன்னு..."

"காய்ச்சல்னு பேப்பர் குடுத்தாங்க. எங்கம்மா அத வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. எனக்குப் பதினோரு வயசு. காலையில டிபன் பாக்ஸ மறந்து வெச்சுட்டுப் போயிட்டாருன்னு குடுக்க ஓடினேன். வாசல்கிட்டப் போகும்போது சத்தம் கேட்டுச்சு. பட்டாசுன்னு நினைச்சேங்க." அவள் காலர் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வெளிய சொன்னா மிச்சம் இருக்கறவங்களும் போயிடுவாங்கன்னு அம்மா என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. உங்ககிட்டகூடச் சொல்லல. நீங்க பயந்துக்குவீங்க."

"இப்ப மட்டும் பயப்படலையா நான்?"

"நாட்டோட சரித்திரம் மொத்தமும் இதுல இருக்குன்னு நீங்கதான் சொல்லுவீங்க. பதினோராயிரம் அட்டைக்கும் நான்தான் நம்பர் குத்தினேன். ஒண்ணொண்ணாப் பாத்தேன். குதிரை லாயம் இருக்கு, ராணியோட பல்லக்கு இருக்கு, எங்க அண்ணன் இல்ல. நீங்க வீட்டுக்குக் கொண்டு வர்ற தொகுதிகளையும் புரட்டினேன், எங்கயும் இடமில்ல. ஒன்பதாம் தொகுதியில அந்த ஒரு பக்கம்தான் ஒண்ணுமில்லாமக் கிடந்துச்சு. அதைக் குடுத்தேன்."

அட்டைக்காரருக்கு இருபத்தைந்து வருஷத்தில் தெரியாத ஏதோ ஒன்று அப்போது தெரிந்த மாதிரி இருந்தது. ஆனால் அதை நினைத்துப் பார்க்கப் பயம் இடம் கொடுக்கவில்லை. தொகுதி ஒன்பது, பக்கம் நூற்று அறுபது என்று அவள் இதே மேஜையில் வாசித்ததும், தான் பென்சிலால் டிக் போட்டதும்தான் ஞாபகம் வந்தது. அவள் குரல் அப்போது நடுங்கவே இல்லை.

"யார்கிட்டயும் எதுவும் பேசாத. நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துக்குவீங்க?"

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன். விடு" என்று சத்தம் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாயும் புதனும் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், விற்காத பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். உறைகளின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதிப் பார்த்தார். மனைவியின் அளவு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் எதிரில். தோள் முப்பத்தெட்டு, கை இருபத்திநாலு. முதலில் கோழி கிளறிய மாதிரி வந்தது. மத்தியானத்துக்குள் உருண்டை வந்தது. புதன்கிழமை சாயங்காலம் 'கு'வின் வாலும் வந்தது. எழுதிய ஒவ்வொரு தாளையும் சுக்குநூறாகக் கிழித்து, கழிவறையில் போட்டு, மூன்று தரம் தண்ணீர் ஊற்றினார். கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் உயிர் போய்ப் போய் வந்தது. இவ்வளவும் செய்தாரே, தைரியசாலி ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவளை இழந்துவிடுவோம் என்ற பயம் மற்ற பயங்களைவிடப் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கால் மணி முன்னாலேயே போய்விட்டார். ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த அறை. விசாரணை அதிகாரி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்பது வயதிருக்கும். அடித்து மிரட்டுகிற ஆளாக இருப்பார் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அந்த மரியாதைதான் இன்னும் பயமாக இருந்தது.

"டீ சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க." கோப்பையைப் பிடித்தால் கை காட்டிக்கொடுத்துவிடும்.

"நான் காலேஜ்ல சரித்திரம்தான் படிச்சேன். உங்க இதழ் எல்லாம் படிச்சிருக்கேன். நல்லா உழைச்சிருக்கீங்க." அட்டையை எடுத்து வைத்தார். "இடது கையால எழுதினேன்னு உங்க ஆசிரியர்கிட்டச் சொல்லியிருக்கீங்க. எழுதிக் காட்டுங்க."

வெள்ளை அட்டையும் பேனாவும் வந்தன. அட்டைக்காரர் இடது கையில் பேனாவை எடுத்தார். முதல் எழுத்திலேயே கை ஆட ஆரம்பித்தது. உப்பளத் என்று எழுதி முடிப்பதற்குள் நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி அட்டையில் சொட்டியது. துப்பாக்கி என்ற சொல்லை, அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, ஓர் அதிகாரியின் கண் முன்னால், தன் கையால் எழுதினார். எழுத்து நெளிந்தது. ஆனால் உருண்டை இருந்தது, சாய்வு இருந்தது.

"இன்னொரு தரம்."

எழுதினார்.

"இன்னும் ஒண்ணு. உங்களுக்குப் பயமா இருக்கு போல?"

"ஆமாங்க. ரொம்பப் பயமா இருக்குங்க."

அதிகாரி சிரித்தார். மூன்று அட்டைகளையும் பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "சரி. உங்க எழுத்துதான்" என்று ஓரமாக நகர்த்தினார். அட்டைக்காரருக்கு மூச்சு வந்தது. அவள் தப்பித்துவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க. இது உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சது? உங்க இதழ்ல ஆதாரம் இல்லாம எதுவும் போடமாட்டீங்களே. யாரு சொன்னா?"

இதை அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளும் எழுத்தையே பழகியவர், கேள்வியைப் பழகவில்லை. யாராவது சொல்லியிருக்க வேண்டும். யார்? உயிரோடு இருக்கிற யாரைச் சொன்னாலும் அவர் வீட்டு வாசலுக்கு வண்டி போகும். சொல்லாவிட்டால் வண்டி தன் வீட்டுக்கு வரும், அவளிடம் கேட்பார்கள், அவள் மறைக்கமாட்டாள்.

"வீட்ல யாருங்க இருக்காங்க?" என்று அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்.

"நிறுவனர் சொன்னாருங்க" என்றார் அட்டைக்காரர்.

"இறந்துட்டாரே, அவரா?"

"அவர்தாங்க. ஒன்பதாம் தொகுதியில அந்தப் பக்கத்தைக் காலியா விடச் சொன்னதே அவர்தான். ஒருநாள் அதுல இதைப் போடணும்னு சொன்னாரு. ஒரு குறிப்பும் எழுதிக் குடுத்தாரு. நான் யோசிக்காம அந்தக் குறிப்பைப் பார்த்து அட்டை எழுதிட்டேன். குறிப்பை அப்பவே குப்பையில போட்டுட்டேன். தப்புதாங்க."

சொல்லும்போதே அவருக்கு ஒன்று தெரிந்தது. கை ஆடவில்லை. மேஜைமேல் கிடந்த இரண்டு கையும் கல் மாதிரி நின்றிருந்தன. அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. வெறும் தாளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, நூலகம் நூலகமாகத் தேட வேண்டியதில்லை, செத்தவரைப் பிடித்து வர வேண்டிய வேலையும் இல்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று கூறி, எழுதி வாங்கிக்கொண்டார். அட்டைக்காரர் எழுதியது வலது கையால்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. அடைவின் படிகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட வேண்டும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் புதிதாக அச்சிடப்பட வேண்டும். நிறுவனர் என்ற வார்த்தையும் அவருடைய பெயரும் இதழின் முதல் பக்கத்திலிருந்தும், அடைவிலிருந்தும், மாடிப்படி ஏறும் இடத்தில் மாட்டியிருந்த படத்தின் கீழிருந்தும் எடுக்கப்பட வேண்டும். படத்தையே எடுத்துவிட்டார்கள். இதழ் அமைச்சகத்தால் தொடங்கப்பட்டது என்று அடுத்த இதழில் ஒரு வரி வந்தது. அதன் மெய்ப்பைப் பார்த்தவர் அட்டைக்காரர்தான். பிழை எதுவும் இல்லை.

அடைவில் நிறுவனருடைய பெயரில் அறுபத்து மூன்று அட்டைகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு வரிசை எண்ணை மாற்றித் தர வேண்டும் என்று பெட்டிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜைமேல் வைத்தார். மனைவி எண் முத்திரையை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். விசாரணையில் என்ன நடந்தது என்று இந்த ஒரு மாதத்தில் அவள் பத்து தரம் கேட்டிருப்பாள். முடிந்துவிட்டது, நீ தப்பித்துவிட்டாய் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அவள் முதல் அட்டையைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அந்தக் கட்டை அப்படியே விரித்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஏன் எடுக்கணும்?"

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, இடது கையால் எழுதியதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக வந்து நின்றவர் நிறுவனர். அவள் மாமனார் என்று கும்பிட்ட ஒரே மனிதர்.

"உன்னைக் காப்பாத்த வேற வழி தெரியலம்மா" என்றார்.

"சரி."

"அவருக்கு இனிமே என்ன ஆகப்போவுது? போய்ச் சேர்ந்துட்டாரு. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"எங்கம்மா எனக்குப் பதிலாப் பேசி, காய்ச்சல்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் சின்னப் பிள்ளை, என்னை யாரும் கேக்கல. முப்பத்திநாலு வருஷம் கழிச்சு ஒரே ஒரு வரி எழுதினேன். அத நான்தான் எழுதினேன்னு சொல்றதுக்கு நான் தயாராத்தான் இருந்தேன். துணியெல்லாம் கூட எடுத்து வெச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்லியே." அவள் குரல் உயரவில்லை. "இப்ப அது அவரு சொன்னது, நீங்க எழுதினது. நான் அங்க இல்லவே இல்ல. எங்க அண்ணனும் இல்ல."

வாழ்நாள் முழுக்க யாரையெல்லாமோ கண்டு பயந்த அட்டைக்காரர், எதிரில் உட்கார்ந்திருந்த அவளைக் கண்டு பயந்தது அன்றைக்குத்தான்.

அவள் முத்திரையின் எண் சக்கரங்களைத் திருப்பிச் சரிசெய்தாள். முதல் அட்டையை எடுத்தாள். "ஒண்ணு, ஒண்ணு" என்று வாசித்தாள். அவர் அதை வாங்கிக் கிழித்தார். அவள் அடுத்ததை எடுத்தாள்.